அந்தமானில் குடும்பத்தோடு ஸ்நார்க்கலிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்கு நாங்கள் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை டிசம்பர் கடைசியில், கூட்டத்தோடு கூட்டமாக. இரண்டாவது முறை மார்ச்சில், கொஞ்சம் விவரம் தெரிந்து. நான், மனைவி, பதினோரு வயது மகள், ஆறு வயது மகன், அப்புறம் மாமியார். ஐந்து பேரில் ஒழுங்காக நீச்சல் தெரிந்தது மகளுக்கு மட்டும்தான். திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் ஆபீஸ் நண்பர்களும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள், நானும் ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய்விட்டேன். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஸ்நார்க்கலிங், ஸ்கூபா இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஸ்கூபாவில் முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகிறீர்கள். ஸ்நார்க்கலிங்கில் மேலேயே குப்புற மிதக்கிறீர்கள், முகம் மட்டும் தண்ணீருக்குள், வாயில் ஒரு குழாய், அதன் மறுமுனை தலைக்கு மேலே வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். "ஆழத்துக்குப் போனால்தானே நன்றாகத் தெரியும்?" என்று அடுத்து கேட்பார்கள். நிறத்தைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. ஆழம் கூடக்கூட சூரிய வெளிச்சத்தில் சிவப்பு முதலில் காணாமல்போகும், ஐந்தாறு மீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு மீனும் சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும். இரண்டு மீட்டர் தண்ணீரில் மேலே மிதந்து பார்ப்பவனுக்குத்தான் முழு வண்ணமும்.

எங்கள் வீட்டில் யாருக்குமே நீச்சல் தெரியாது. போகலாமா?

போகலாம், லைஃப் ஜாக்கெட்டும் பிடித்துக்கொள்ள ரப்பர் வளையமும் கூடவே ஒரு ஆளும் இருந்தால். அந்தமானில் வழக்கமே இதுதான். ஒரு பையன் வளையத்தை இழுத்துக்கொண்டு முன்னால் நீந்துவான், நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். பயம் நீச்சல் தெரியாததால் வருவதில்லை, மூக்கால் மூச்சுவிட முடியாததால் வருகிறது. மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடிவிடும், வாயால் மட்டும்தான் மூச்சு. நாற்பது வருடமாக மூக்கால் மூச்சுவிட்ட உடம்பு முதல் ஒரு நிமிடம் முரண்டு பிடிக்கும். இதை ஊரிலேயே பழகிவிடுங்கள். நாங்கள் அப்பார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை பழகினோம். குளம் இல்லாதவர்கள் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி முகத்தை விட்டுப் பார்க்கலாம், சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

இதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

சுற்றி வளைக்காதீர்கள். எந்த இடம் நல்ல இடம், ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

நான் பெயர் சொல்லாமல் மழுப்புகிறேன் என்று என் மைத்துனருக்கே கோபம். நீல் தீவில் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் பயணத்தில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நீல் படகுத்துறையில் இறங்கினோம். பக்கத்திலேயே பரத்பூர் பீச். தண்ணீர் வெளிர்ப்பச்சையில் பளபளக்கிறது, பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. அங்கே நின்ற படகுக்காரர் ஒருவர் இப்போதே போகலாம், அருமையாகத் தெரியும் என்றார். நம்பிப் போனோம். கடல் முழுதாக வற்றியிருந்த நேரம் அது. கொஞ்ச தூரம் போனதும் முட்டளவுத் தண்ணீர், கீழே உடைந்த பவளச் சில்லு, மிதக்க இடமில்லாமல் கையை ஊன்ற வேண்டியதாயிற்று, மகனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பார்த்தது ஒரு கடல் அட்டை, நாலைந்து சாம்பல் நிற மீன்கள், கலங்கின மணல். மனைவி "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டாள், பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விடுதிக்காரர் சொன்னார் என்று அதே பீச்சுக்குத் திரும்பப் போனோம், வேறொரு படகு. கடல் ஏறியிருந்தது. நேற்று முழங்காலைக் கிழித்த அதே திட்டுக்கு மேலே இப்போது ஒன்றரை ஆள் உயரத் தண்ணீர், காற்றில்லை, அடிவரை தெரிகிறது. கடல் சாமந்தியின் (பூ மாதிரி இருக்கும் ஒரு கடல் உயிர், ஆங்கிலத்தில் அனிமோன்) விரல்களுக்குள் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒன்று உள்ளே போவதும் வெளியே வந்து எங்களை முறைப்பதுமாக இருந்தது. மகள் தண்ணீருக்குள்ளேயே குழாய் வழியாகக் கத்தினாள், அந்தச் சத்தம் ஒரு கன்றுக்குட்டி மாதிரி இருந்தது.

பீச் மாறவில்லை, பெயர் மாறவில்லை, நடுவில் பதினெட்டு மணி நேரம் மட்டும். அதனால்தான் யாராவது ஒரு பீச் "மோசம்" என்றோ "சூப்பர்" என்றோ சொன்னால் எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்த மாதம் என்று முதலில் கேட்பேன்.

சரி, கடல் ஏறுவதையும் வற்றுவதையும் எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தமானில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏறுவதற்கும் வற்றுவதற்கும் நடுவில் சுமார் ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது: இன்று காலை எட்டு மணிக்குக் கடல் நிறைந்திருந்தால், சரியாக ஒரு வாரம் கழித்து அதே எட்டு மணிக்கு அநேகமாக வற்றிக் கிடக்கும். உங்கள் நண்பர் போன வாரம் காலையில் பார்த்து அசந்துபோன இடம் இந்த வாரம் காலையில் உங்களுக்கு ஏமாற்றமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரும் உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், போர்ட் பிளேர் பக்கம் இரண்டுக்கும் இடையே சுமார் 2 மீட்டர் வரை வித்தியாசம் வரும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் குறைவு, நீரோட்டமும் அவ்வளவு இழுக்காது. நேரம் துல்லியமாக வேண்டுமென்றால் போர்ட் பிளேருக்கான கடல் மட்ட அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கிளம்பும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு இணைய வசதி கூடியிருக்கிறதுதான், ஆனாலும் தீவில் சிக்னலை நம்பி உட்கார வேண்டாம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் சிபாரிசு, கடல் நிறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும். வற்றத் தொடங்கிய பிறகு பவளத் திட்டின் வெளி விளிம்பில் நிற்காதீர்கள், தண்ணீர் வெளிப்பக்கமாக இழுக்கும்.

அப்புறம் வெளிச்சம். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது. ஏப்ரலில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், மாலை ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். அங்கே காலை எட்டு மணி வெயில் சென்னையில் ஒன்பது மணி வெயிலுக்குக் கிட்டத்தட்டச் சமம். விடுமுறைதானே என்று ஒன்பது மணி வரை தூங்கிவிட்டு, பஃபேயில் பூரி வரும்வரை காத்திருந்து கிளம்பினால் நாளின் நல்ல பாதி போய்விட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் மதியத்துக்கு மேல் காற்றெடுக்கும், தண்ணீர் கலங்கும்.

ஹேவ்லாக் தீவின் ராதாநகர் பீச்சில் ஸ்நார்க்கலிங் உண்டா? ஆசியாவிலேயே சிறந்த பீச் என்கிறார்களே?

2004இல் டைம் பத்திரிகை அப்படிச் சொன்னது உண்மை. அழகான பீச், சந்தேகமில்லை, கண்டிப்பாகப் போங்கள். ஆனால் அது மணல் கடற்கரை. மீனுக்கு ஒளிந்துகொள்ளப் பாறை வேண்டும், பவளம் வேண்டும், வெறும் மணலில் அதற்கு என்ன வேலை? மாஸ்க் போட்டு இறங்கினால் உங்கள் கால் விரல்தான் தெரியும். மாலையில் போய் அலையில் ஆடிவிட்டு வாருங்கள். படத்தில் அழகாக இருக்கும் பீச்சும் தண்ணீருக்கடியில் அழகாக இருக்கும் பீச்சும் வேறு வேறு, இது தெரியாமல்தான் பாதிப் பேர் இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்படியென்றால் ஹேவ்லாக்கில் எங்கே?

எலிஃபன்ட் பீச். தீவின் வடமேற்குப் பக்கம் இருக்கிறது, ரோடு கிடையாது. படகுத்துறையிலிருந்து படகில் போகலாம், இல்லாவிட்டால் ராதாநகர் போகும் ரோட்டிலிருந்து பிரிந்து காட்டு வழியே முக்கால் மணி நேரம் நடக்கலாம். மழை பெய்திருந்தால் வழி சேறு, கடைசியில் அலையாத்தி வேர்களுக்கு நடுவே தண்ணீரில் இறங்கவும் வேண்டிவரும். சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள் இருந்தால் படகுதான். கரையில் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து வெளுத்துப்போய்க் கிடக்கும், 2004 சுனாமியின் மிச்சம்.

இதன் நல்ல விஷயம், கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பவளம் தொடங்கிவிடுகிறது. கெட்ட விஷயம், இது எல்லோருக்கும் தெரியும். பத்து மணிக்கு மேல் திருவிழாக் கூட்டம், ஜெட் ஸ்கீ சத்தம், வாழைப்பழப் படகு, ஒரே திட்டின் மேல் ஐம்பது வளையம். முதல் படகில் போய்விடுங்கள். நாங்கள் இரண்டாவது முறை அப்படித்தான் போனோம், முதல் முக்கால் மணி நேரம் அந்தக் கடலே எங்களுடையது மாதிரி இருந்தது. கிளி மீன் ஒன்று பவளத்தைக் கடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. நிஜமாகவே கேட்கும், முறுக்கு கடிப்பது போல, கறுக் கறுக் என்று. அது கடித்து விழுங்கிய சுண்ணாம்பை அரைத்து மணலாகக் கழிக்கிறது. இந்த மாதிரித் தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு நல்ல பங்கு அப்படி வந்ததுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அன்று மாலை முழுவதும் சின்னவன் ராதாநகரில் மணல்மேல் உட்கார மாட்டேன் என்று அடம்.

விடுதிக்கு எதிரேயே கடல் இருக்கிறதே, அங்கேயே இறங்கினால் என்ன?

ஹேவ்லாக்கில் பெரும்பாலான விடுதிகள் கிழக்குக் கரையில், கோவிந்தநகர், விஜயநகர் பக்கம் இருக்கின்றன. மூன்றாம் நம்பர் பீச், ஐந்தாம் நம்பர் பீச் என்பார்கள். கடல் வற்றும்போது அங்கே வெகுதூரம் தண்ணீரே இருக்காது, பாறையும் சகதியுமாகத் தெரியும். ஏறும்போது சில இடங்களில் நன்றாகவே இருக்கும்.

உங்கள் பீச் எப்படி என்று ஊரிலிருந்தே ஓரளவு பார்த்துவிடலாம். மேப்பில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்குங்கள். வெளிர் நீலமாக, வழுவழுப்பாகத் தெரிந்தால் மணல். பழுப்பும் கருநீலமும் திட்டுத் திட்டாக இருந்தால் பவளமோ கடற்புல்லோ. கரைக்கு இணையாக வெள்ளைக் கோடு போட்டது மாதிரி இருந்தால் அங்கே அலை உடைகிறது, அதுதான் திட்டின் விளிம்பு, அதற்கு உள்பக்கம் உங்களுக்கு, வெளிப்பக்கம் வேண்டாம். ஓடையோ கழிமுகமோ கடலில் சேரும் இடம் தெரிந்தால் அந்தப் பக்கமே வேண்டாம், தண்ணீர் கலங்கியிருக்கும், முதலைக்கும் பிடித்த இடம் அதுதான். போன பிறகு, இறங்குவதற்கு முன் கரையில் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். படகுகள் எந்த வழியாக வந்து போகின்றன, அலை எங்கே உடைகிறது, மிதக்கிற இலை தழை எந்தப் பக்கம் நகர்கிறது. இலை போகிற வேகத்தில்தான் உங்கள் பிள்ளையும் போவான்.

நீல் தீவில் எத்தனை நாள்?

ஒரு இரவாவது. பகலில் வந்து மாலைப் படகில் திரும்புகிறவர்களுக்குக் கடல் எப்போது நிறைகிறதோ அப்போது அங்கே இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒரு இரவு தங்கினால் ஏற்றமும் கிடைக்கும், வற்றமும் கிடைக்கும். வற்றும் நேரத்தில் லக்ஷ்மன்பூர் இரண்டாம் பீச்சில் இருக்கும் இயற்கைப் பாறை வளைவுக்குப் போங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நண்டு, கடல் அட்டை, குட்டி மீன், உயிருள்ள சிப்பி எல்லாம் மாஸ்க்கே இல்லாமல் குனிந்து பார்க்கலாம். என் மாமியார் இரண்டு பயணத்திலும் அதிகம் ரசித்த இடம் அதுதான். கடலில் இறங்க மாட்டேன் என்று சொன்னவர், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு குழியாகக் கோலம் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டே போனார். பாறை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு முக்கியம்.

போர்ட் பிளேரிலேயே முடித்துக்கொள்ள முடியாதா?

முடியும். நார்த் பே பக்கத்திலேயே இருக்கிறது. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னை மரங்களோடு ஒரு கடற்கரையும் கலங்கரை விளக்கமும் இருக்குமே, அந்த இடம். நோட்டைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஸ்நார்க்கலிங்குக்கு அங்கே கூட்டம் அதிகம், எனக்குப் பிடிக்கவில்லை.

ஜாலி பாய் தீவு வேறு ரகம். போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் வரை ரோட்டில் போய், அங்கிருந்து படகு. 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தீவு. அலையாத்திக் காடுகளுக்கு நடுவே படகு போகும், அதுவே பாதி சுகம். பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது, தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள். அனுமதிச் சீட்டு முன்பே வாங்க வேண்டும், எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். வருடம் முழுக்க ஒரே தீவைத் திறந்து வைப்பதில்லை, நல்ல பருவத்தில் ஜாலி பாய், மற்ற மாதங்களில் ரெட் ஸ்கின் தீவு என்று மாற்றி மாற்றி விடுவார்கள், பவளத்துக்கு ஓய்வு கிடைப்பதற்காக. தீவில் கடை இல்லை, தங்க இடம் இல்லை. ஒரே நாள்தான் இருக்கிறது, பவளம்தான் பார்க்க வேண்டும் என்றால் நான் ஜாலி பாயைத்தான் சொல்வேன்.

எந்த மாதம் போகலாம்? எங்களுக்கு மே மாதம்தான் லீவு.

ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிவரை. மார்ச்சில் கடல் சில நாள் எண்ணெய் ஊற்றினது மாதிரி இருக்கும். டிசம்பரில் வடகிழக்குக் காற்று இருப்பதால் கிழக்குக் கரை கொஞ்சம் கலங்கியிருக்கும், மேற்குப் பக்கம் பரவாயில்லை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே கேரளாவுக்கு முன்னாடியே வந்துவிடும், அப்போது மேற்குப் பக்கம் கொந்தளிக்கும், படகுகளை ரத்து செய்வதும் உண்டு. மே முதல் வாரத்துக்குள் முடித்துக்கொண்டால் தப்பிக்கலாம், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

மே, ஜூனில்தான் முடியும் என்கிறவர்கள் இலங்கைக் கிழக்குக் கரையை யோசிக்கலாம். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புறாத் தீவு இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில்தான் அங்கே கடல் அமைதியாகும், மே முதல் செப்டம்பர் வரை. மொழிப் பிரச்சினையும் இல்லை. கரும்முனைச் சுறாக்கள் வரும், ஆளைக் கண்டால் அவைதான் ஓடும்.

மாஸ்க் வாங்கிப் போகவா, அங்கே கிடைப்பதைப் போட்டுக்கொள்ளவா?

மாஸ்க்கும் குழாயும் வாங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் அங்கே. ஊரில் எத்தனை பேர் வாயில் வைத்த குழாயோ, அதை நினைத்தாலே போதும். கடையில் பார்க்கும்போது பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குச் சரி. விலை எவ்வளவு என்பதெல்லாம் அதற்கப்புறம். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவு, "வளர்ந்தால் ஆகும்" என்று ஒரு அளவு பெரிதாக எடுக்கும் நம் வழக்கம் இங்கே உதவாது. மீசை வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியாகத் தண்ணீர் கசியும், கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், மீசையை எடுக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் இருக்கும், பற்பசை வைத்து இரண்டு முறை தேய்த்துக் கழுவினால்தான் பனி மூடாது. அப்புறமும் மூடினால் எச்சில், அல்லது குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு. முகம் முழுவதும் மூடும் மாஸ்க் வேண்டாம் என்பது என் கருத்து, உள்ளே தண்ணீர் புகுந்தாலோ மூச்சு முட்டினாலோ பதற்றத்தில் சட்டென்று கழற்ற வராது. பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க்கே கிடைக்கிறது. குறைந்த பவர் என்றால் இல்லாமலே சமாளிக்கலாம், தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். உங்கள் பையன் பார்த்த "இவ்ளோ பெரிய" மீனையும் அந்தக் கணக்கில் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வயதுப் பையனை இறக்கலாமா?

அவன் கேட்டால். எங்கள் சின்னவன் முதல் பயணத்தில் மாஸ்க்கைப் போட்டதுமே அழுதான், நாங்களும் "காசு கட்டியாச்சு, ஒரு தடவை பார்த்துடுடா" என்று வற்புறுத்தினோம், அது தப்பு. அதன் பிறகு இரண்டு நாள் கடல் பக்கமே வரவில்லை. அடுத்த முறை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே குனிந்து முகத்தை மட்டும் வைக்கச் சொன்னேன், குழாய்கூட இல்லை, மூச்சை அடக்கிக்கொண்டு பத்து எண்ணும்வரை. காலுக்குக் கீழே ஒரு குட்டி மீன் வந்தது. அப்புறம் வெளியே வரமாட்டேன் என்றான்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்குக் கூட்டிவாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரிலும் பிள்ளைகளுக்குக் குளிரெடுக்கும், உதடு நீலமானால் அன்றைக்குப் போதும்.

முதலை இருக்கிறதாமே?

இருக்கிறது. உவர்நீர் முதலை, அலையாத்திக் கழிகளில் வாழ்வது. 2010இல் ராதாநகர் ஓரத்தில் ஸ்நார்க்கலிங் செய்த ஓர் அமெரிக்கப் பெண் முதலை தாக்கி இறந்தார். அபூர்வம்தான், ஆனால் நடந்தது. வண்டூர் கரையிலும் எச்சரிக்கைப் பலகைகளைப் பார்ப்பீர்கள். பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள், கழிமுகத்துக்குப் பக்கத்தில் இறங்காதீர்கள், இருட்டும் நேரத்தில் எங்குமே இறங்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் நீங்களும் குளிக்காதீர்கள்.

சொறி மீன் (ஜெல்லி ஃபிஷ்), முள் இதெல்லாம்?

எதையும் தொடாமல், காலை ஊன்றாமல் இருந்தால் முக்கால்வாசிப் பிரச்சினை வராது. கறுப்பு ஊசிகளை நீட்டிக்கொண்டிருக்கும் கடல் முள்ளெலியை மிதித்துவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருங்கள், வலி குறையும், அப்புறம் மருத்துவமனை. சொறி மீன் பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். பவளச் சிராய்ப்பு சின்னதாகத் தெரியும், சீக்கிரம் ஆறாது, நன்றாகக் கழுவி மருந்து போடுங்கள். சின்னவனுக்கு ஆற இரண்டு வாரம் ஆனது.

கரையில் இருக்கும் மணல் ஈ இவை எல்லாவற்றையும்விடத் தொல்லை. ஈர மணலில் உட்கார்ந்தால் மறுநாள் தெரியும்.

பவளமெல்லாம் செத்துப்போய்விட்டது, போவதே வீண் என்கிறார்களே?

பாதி உண்மை. கடல் தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், பவளம் தன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் சாப்பாடும் அந்தப் பாசி தருவதுதான். அது போனால் வெளுத்துப்போகும், சூடு தணியாவிட்டால் செத்தும் போகும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் இப்படிப் பெரிய அளவில் நடந்தது. சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் வட அந்தமான் பக்கம் தரையே உயர்ந்து பவளத் திட்டுகள் வெயிலில் காய்ந்து செத்தன. போதாக்குறைக்குக் கால் வைத்து உடைக்க நம்மைப் போன்றவர்கள். ஆக, விளம்பரப் படங்களில் வருகிற வண்ணத் தோட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பழுப்பும் சாம்பலும்தான் அதிகம், நடுநடுவே ஊதா, பச்சை. உயிருள்ள பவளம் பலதும் இயல்பிலேயே பழுப்புதான், அதைப் பார்த்துச் செத்தது என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் மீன்கள் இருக்கின்றன, அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

என்ன உடுத்துவது? சன்ஸ்கிரீன்?

முழுக்கை லைக்ரா சட்டை, லெகிங்ஸ். பெண்கள் சுடிதாரோடு இறங்குவதைப் பார்த்தேன், நனைந்த துணி கனத்து இழுக்கும், துப்பட்டா கண்டிப்பாக வேண்டாம். குப்புற மிதப்பதால் முதுகும் முட்டிக்குப் பின்புறமும்தான் கருகும், துணி மூடினால் சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் போதும். சில சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ஆக்சிபென்சோன் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாயில் 2021 முதல் விற்பனையையே நிறுத்தியிருக்கிறார்கள். லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

பேக்கேஜ் பேசும்போது என்ன கேட்க வேண்டும்?

"ஸ்நார்க்கலிங் இலவசம்" என்றால் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். முதல் முறை எங்களுக்குச் சொன்னது ஒரு மணி நேரம். படகில் போக, வரிசையில் நிற்க, ஜாக்கெட் மாட்ட எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அடக்கம், தண்ணீருக்குள் இருந்தது கால் மணி நேரம். ஒரு வளையத்துக்கு எத்தனை பேர், பிள்ளைகள் அளவில் ஜாக்கெட் இருக்கிறதா, போட்டோவுக்குத் தனிக் காசா, அன்றைக்கு அந்த நேரத்தில் கடல் ஏறியிருக்குமா வற்றியிருக்குமா. கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் நேரம் சொல்கிறவர் கடலைத் தெரிந்தவர். "எப்பவும் நல்லா இருக்கும் சார்" என்கிறவரை விட்டுவிடுங்கள்.

டிக்கெட்டில் வேறு ஊர்ப் பெயர் போட்டிருக்கிறது, தப்பான படகா?

இல்லை. 2018 டிசம்பரில் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் த்வீப் என்றும் நீல் தீவை ஷஹீத் த்வீப் என்றும் மாற்றினார்கள், 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் பழைய பெயர்கள்தான். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, ஆட்டோக்காரரிலிருந்து மெஸ் வரை தமிழிலேயே சமாளிக்கலாம். ஹேவ்லாக், நீல் இரண்டிலும் வங்காளம் பேசுகிறவர்கள் அதிகம், உடைந்த இந்தி போதும்.

பிள்ளைகள் சங்கு, பவளத் துண்டு பொறுக்கினால் கொண்டுவரலாமா?

வேண்டாம். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, செத்த துண்டானாலும் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. நாங்கள் விடுதியைக் காலி செய்யும் முன் எல்லாப் பைகளையும் கொட்டிப் பார்த்தோம். சின்னவனின் சாக்ஸுக்குள் மூன்று, மகளின் பென்சில் டப்பாவில் ஒன்று. பீச்சுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தோம். அதில் ஒரு சங்குக்குள்ளே, காலிச் சங்கையே வீடாக்கிக்கொள்ளும் துறவி நண்டு இருந்தது, மணலில் வைத்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, வீட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நடந்தது.